புனிதர்களிடம் வேண்டுவதும் பட்டச் சான்றிதழ் கேட்பதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தின் ஜூன் 13ஆம் திகதித் திருவிழாவையொட்டித் தங்கள் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியில் ஆரம்பமான விவாதம், புனிதர்களிடம் வேண்டுதல் செய்வது வேதத்துக்கு ஏற்புடையதா என்ற கேள்வியில் தொடங்கி, சில வாரங்களுக்குள்ளேயே யார் எந்தக் கல்லூரியில் இறையியல் படித்தார் என்ற கேள்வியில் வந்து முடங்கிவிட்டது. கத்தோலிக்க வாசகர் ஒருவர், எதிர்த்தரப்பில் எழுதியவரை நோக்கி, ஒரு குருமடத்தின் வாசற்படியையாவது மிதித்திருக்கிறீரா என்று கேட்டார். அதற்குப் பதில் எழுதிய சகோதரர், தம்முடைய சபையின் போதகர் ஒரு ‘கலாநிதி’ என்பதை எடுத்துக்காட்டி, கத்தோலிக்கக் குருமாருள் எத்தனை பேருக்கு அந்தத் தகுதி உண்டு என்று திருப்பிக் கேட்டார். மூன்றாவதாக எழுதியவரோ, அந்தப் பட்டம் எத்தனை வாரப் படிப்பில் கிடைத்தது என்று விசாரித்தார். இதற்கிடையில் அந்தோனியார் எங்கேயோ தொலைந்துபோனார். காணாமற்போன பொருளைத் தேடித் தருபவர் என்று மக்கள் நம்பும் புனிதருக்கே இந்த நிலை நேர்ந்தது வேடிக்கைதான்.

நான் இறையியலில் எந்தப் பட்டமும் பெற்றவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்புப் பாடசாலைகளில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். பிறப்பால் கத்தோலிக்கன், என் மனைவி மட்டக்களப்பு மெதடிஸ்த குடும்பம் ஒன்றிலிருந்து வந்தவர். திருமணத்தின் பின்னர் அவரும் சபை மாறவில்லை, நானும் மாறவில்லை. எங்கள் பிள்ளைகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய காலத்தில், நமது நாட்டில் கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் இரு வேறு பாடங்களாக வைக்கப்பட்டிருப்பதால், மூத்தவள் ஒன்றையும் இளையவன் மற்றதையும் எடுத்தார்கள். ஒரே மேசையில் இரண்டு பாடநூல்களும் கிடந்தன. ஆகவே தங்கள் பத்திரிகையில் சில வாரங்களாக நடந்த வழக்கு எங்கள் வீட்டில் சில தசாப்தங்களாக நடந்து வருகிறது. இங்கே அது ஒருபோதும் சான்றிதழ் கேட்கும் நிலைக்குப் போனதில்லை.

வழக்கின் பெரும்பகுதி சொற்களுக்குள்ளேயே மறைந்திருக்கிறது என்பது, ஒரு தமிழாசிரியன் என்ற முறையில், எனக்கு முதலிலிருந்தே பட்டு வந்த ஒன்று. மரத்தாலோ சாந்தாலோ செய்யப்பட்ட ஒரே உருவத்தைக் கத்தோலிக்கர் ‘சுரூபம்’ என்கிறார்கள். மெதடிஸ்தரான என் மனைவி ‘சிலை’ என்கிறார். பெந்தகோஸ்தே சபையைச் சேர்ந்த அயலவர் ‘விக்கிரகம்’ என்கிறார். இந்த மூன்று சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவுடனேயே ஒருவர் தம் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறார். அதன் பிறகு நடக்கும் விவாதம் வெறும் சடங்கு. ‘ஆராதனை’ என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. கத்தோலிக்க மறைக்கல்வியில் அது கடவுளுக்கு மாத்திரம் உரியது. புனிதருக்கு உரியது வணக்கம். மரியாளுக்கு உரியது மேலான வணக்கம். 787இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம் திருவுருவங்களைப் பற்றிய வழக்கில் ஆராதனையையும் வணக்கத்தையும் பிரித்துத் தீர்த்தது. ஆனால் தெருவில் எதிர்ப்படும் எவருக்கும் ‘வணக்கம்’ சொல்லும் தமிழில், ஆலயத்தில் செலுத்தும் வணக்கம் எத்தகையது என்பதை அந்தச் சொல் ஒன்றே காட்டிவிடாது. முழந்தாளிட்டு, கண்ணீர் மல்க, மெழுகுதிரி ஏற்றி நிற்கும் ஒரு தாயைத் தூரத்திலிருந்து பார்க்கும் மெதடிஸ்தர், அவருடைய உள்ளத்தில் இருப்பது எந்த வகை வணக்கம் என்று எப்படி அறிவார்?

இதைவிட நுண்ணிய இடம் வேற்றுமை உருபில் இருக்கிறது. ‘அந்தோனியாரை வேண்டினேன்’, ‘அந்தோனியாரிடம் வேண்டினேன்’, ‘அந்தோனியார் வழியாக வேண்டினேன்’ என்று மூன்று விதமாகவும் கொச்சிக்கடையில் செவ்வாய்க்கிழமைதோறும் மக்கள் சொல்கிறார்கள். முதலாவதில் வேண்டுதல் அவரிடத்திலேயே முடிந்துவிடுகிறது. மூன்றாவதில் அவரைக் கடந்து போகிறது. நடுவில் உள்ளது இரண்டுக்கும் இடங்கொடுக்கிறது. திருச்சபையின் அதிகாரபூர்வமான வழிபாட்டு மொழி இந்த வேறுபாட்டை மிகக் கவனமாகவே பேணியிருக்கிறது. மன்றாட்டுமாலையை உரக்க வாசித்துப் பார்ப்பவர் இதை உடனே உணர்வார்: இறைவனை விளிக்கும்போது ‘எங்கள்மேல் இரக்கமாயிரும்’ என்கிறோம், புனிதர் ஒருவரின் பெயர் வந்தவுடன் மறுமொழி ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று மாறுகிறது. எத்தனை புனிதர்களின் பெயர்கள் வரிசையாக வந்தாலும், அவர்களில் ஒருவரிடமாவது இரக்கங்காட்டும்படி அந்த மாலை கேட்பதில்லை. மரியாளை நோக்கிய செபமும் ‘பாவிகளாயிருக்கிற எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்றே முடிகிறது. கத்தோலிக்கர் புனிதர்களைக் கடவுளாக்கிவிட்டார்கள் என்று எழுதியவர், நாங்கள் என்ன சொல்லிச் செபிக்கிறோம் என்பதை ஒரு முறையாவது காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

ஆனால் என் தரப்பாருக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். செபப்புத்தகத்தில் உள்ளது ஒன்று. மக்களின் வாயில் வருவது பல வேளைகளில் வேறொன்று. ‘எனக்கு வெளிநாட்டு விசாவைத் தாரும், நான் இத்தனை மெழுகுதிரி ஏற்றுகிறேன்’ என்று ஒருவர் அந்தோனியாருடன் பேரம் பேசும்போது, அங்கே ‘வழியாக’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. இது சீர்திருத்த (புரட்டஸ்தாந்து) சபையினர் கட்டிய கதை என்று நாம் மறுக்க முடியாது. திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமே இதைக் கண்டு எச்சரித்தது. 1563ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் நடந்த அதன் கடைசி அமர்வு, புனிதர்களின் பரிந்துரையை நாடுவது நல்லது, பயனுள்ளது என்று அறிக்கையிட்ட அதே ஆவணத்தில், இந்தப் பக்தியைச் சூழ்ந்த மூடநம்பிக்கைகளையும் இழிவான பண ஆதாயங்களையும் முற்றாக அகற்றும்படி ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. ‘நல்லது, பயனுள்ளது’ என்ற சொற்களையும் கவனிக்க வேண்டும். புனிதர்களிடம் வேண்டாதவன் மீட்படைய மாட்டான் என்று சங்கம் சொல்லவில்லை. அப்படி நேரடியாகச் சொல்லாவிட்டாலும், அந்தத் தொனியில் மறையுரை ஆற்றிய குருக்களை நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பெருவழக்காகிவிட்ட ஓர் உவமையையும் இங்கே கண்டிக்க விரும்புகிறேன். அமைச்சரை நேரில் பார்க்க முடியாது, ஆகவே அவருக்கு வேண்டியவர் ஒருவரிடமிருந்து சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு போகிறோம், புனிதர்களும் அப்படித்தான் என்று மறைக்கல்வி வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். கொழும்பில் ஒரு பிள்ளையைப் பாடசாலையில் சேர்ப்பதற்கு அலைந்து திரிந்த எவருக்கும் இந்த உவமை எளிதில் விளங்கும் என்பது உண்மையே. ஆனால் அது கடவுளை என்னவாக்குகிறது? சிபாரிசு இல்லாமல் அசையாத, வாசலில் காவலாளி நிறுத்திய, நம்மை யாரென்று அறியாத ஓர் அதிகாரியாக்குகிறது. 1964இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய கோட்பாட்டு ஏடு, கிறிஸ்துவின் ஒரே இணைப்பாளர் (மத்தியஸ்தர்) பணியை மரியாளின் பணி மறைப்பதோ குறைப்பதோ இல்லை என்றும், நம்பிக்கையாளர் கிறிஸ்துவுடன் நேரடியாக ஒன்றிப்பதற்கு அது எவ்வகையிலும் தடையாவதில்லை, மாறாகத் துணைபுரிகிறது என்றும் தெளிவாகக் கூறுகிறது. சிபாரிசு உவமை அந்த ஏட்டுக்கு நேர் எதிரானது. என் மாமனார் இந்த உவமையைக் கேட்ட நாளில் என்னிடம் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: “மருமகன், தகப்பன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார், கதவும் திறந்து கிடக்கிறது, பிறகு ஏன் அயல் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்?” நான் வேறோர் உவமையைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. திறந்த கதவுதான், ஆனால் அந்த வீட்டில் தகப்பன் மட்டுமா இருக்கிறார், அண்ணன்மாரும் அக்காமாரும் இல்லையா என்றேன். அவர் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைக் கத்தோலிக்க வாசகர்கள் முறையாக அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் தங்கள் பத்திரிகையில் வந்த மறுப்புகள், சீர்திருத்தச் சபையினரின் வாதத்தில் மிகப் பலவீனமான வடிவத்தையே எடுத்துக் கொண்டு அடித்தன. ‘தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே’ என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் ஐந்தாம் வசனம் கூறுவதை அவர்கள் எடுத்துக்காட்டுவது எல்லாருக்கும் தெரியும். அதற்கு நாங்கள் சொல்லும் பதிலும் தெரிந்ததே: அதே அதிகாரத்தின் முதலாம் வசனத்தில், எல்லா மனுஷருக்காகவும் விண்ணப்பங்களையும் ஜெபங்களையும் வேண்டுதல்களையும் பண்ணவேண்டும் என்று பவுல் கட்டளையிடுகிறார்; ஒருவருக்காக ஒருவர் வேண்டுவது அந்த ஒரே மத்தியஸ்தருக்கு இழுக்காகுமானால், அவர் நான்கு வசனங்களுக்குள் தம்மையே மறுத்தவராவார். இதுவரை கத்தோலிக்கர் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் தேர்ந்த சீர்திருத்தச் சபையார் இங்கே நிற்பதில்லை. உயிரோடிருக்கும் சகோதரனிடம் எனக்காக ஜெபியும் என்று கேட்பதற்குப் புதிய ஏற்பாட்டில் உதாரணங்கள் உண்டு, பவுலே பலமுறை கேட்கிறார். மரித்துப்போன ஒரு பரிசுத்தவானை விளித்து எனக்காக வேண்டிக்கொள்ளும் என்று எந்த அப்போஸ்தலன் எந்த இடத்தில் சொன்னான் என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேரடியான வசனம் ஒன்றை என்னால் எடுத்துக்காட்ட முடியாது. வெளிப்படுத்தல் ஐந்தாம் அதிகாரத்தில் மூப்பர்கள் பரிசுத்தவான்களுடைய ஜெபங்களாகிய தூபவர்க்கம் நிறைந்த பொற்கலசங்களைப் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டலாம். அந்த ஜெபங்கள் மூப்பர்களை நோக்கிச் செய்யப்பட்டவை என்று அந்த வசனம் சொல்லவில்லையே என்று அவர்கள் திருப்புவார்கள். அதுவும் நியாயமே.

மறுபுறத்தில், உபாகமம் பதினெட்டாம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி, புனிதர்களிடம் வேண்டுவது இறந்தவர்களோடு பேசும் பில்லிசூனியம் என்று எழுதிய சகோதரருக்கு ஒரு சொல். அவர் கையில் வைத்திருக்கும் தமிழ் வேதாகமம் அந்த வசனத்தில் ‘செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன்’ என்று மிகத் துல்லியமாகச் சொல்கிறது. குறி கேட்பது என்றால் என்ன என்று தமிழனுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை: மறைந்திருப்பதையும் வரப்போவதையும் ஆவியின் வாயிலாகத் தெரிந்துகொள்ள முயல்வது. எந்தோர் ஊரில் ஆவிகளை அழைத்த பெண்ணிடம் சவுல் அரசன் போனது அதற்காகத்தான். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்பவன் எந்தப் பதிலையும் எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதில்லை. இந்த வசனத்தை வைத்து வாதாடுவது, அவர்களிடம் உள்ள நல்ல வாதத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்வதாகும்.

உண்மையான பிளவு வேறிடத்தில் இருக்கிறது. மக்கபேயர் இரண்டாம் நூலின் பதினைந்தாம் அதிகாரத்தில், இறந்துபோன தலைமைக்குரு ஓனியாவும் இறைவாக்கினர் எரேமியாவும் யூத மக்களுக்காக மன்றாடுவதாக யூதப் படைத்தலைவர் யூதா ஒரு காட்சி காண்கிறார். அந்த நூல் எங்கள் விவிலியத்தில் உண்டு. அவர்களுடைய வேதாகமத்தில் இல்லை. லூத்தரன் சபையின் அடிப்படை அறிக்கையான 1530ஆம் ஆண்டின் ஒக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, பரிசுத்தவான்களை நினைவுகூர்ந்து அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றலாம், ஆனால் அவர்களிடம் உதவி கேட்பதற்கு வேதம் இடந்தரவில்லை என்று தன் 21ஆம் பிரிவில் சொல்கிறது. அடுத்த ஆண்டு அதற்கு விளக்கம் எழுதிய, லூத்தரின் தோழரான மெலாங்தன், பரலோகத்தில் உள்ள பரிசுத்தவான்கள் முழுத் திருச்சபைக்காகவும் பொதுவாக ஜெபிக்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொள்ளவும் தயாராக இருந்தார். மக்கபேயர் நூலின் அந்தக் காட்சியையும் அவர் அவ்விடத்தில் குறிப்பிடுகிறார். ஆகவே, புனிதர்கள் நமக்காக வேண்டுகிறார்களா என்பதில் அன்றைக்கு இருந்த இடைவெளி நாம் நினைப்பதைவிடச் சிறியது. நாம் அவர்களை விளித்துக் கேட்கலாமா, கேட்டால் அவர்களுக்குக் கேட்குமா என்பதிலேயே வழி பிரிந்தது. லூத்தர் தொடங்கிய சண்டை இது என்று நினைப்பதும் தவறு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விஜிலான்சியு என்ற குரு இதே எதிர்ப்பை எழுப்பினார். உயிரோடிருக்கும்போது பிறருக்காக மன்றாடிய அப்போஸ்தலர், முடிசூடிய பின்னர் குறைவாகவா மன்றாடுவார்கள் என்ற பொருளில், திருச்சபைத் தந்தையருள் ஒருவரான எரோணிமு அவருக்குப் பதில் எழுதினார். லூத்தர் தாமும் 1505இல் இடிமின்னலுக்கு நடுவில் புனித அன்னம்மாளைக் கூவி அழைத்துத்தான் துறவியாக நேர்ந்துகொண்டார். பிளவுக்குப் பின்னரும், 1521இல், மரியாளின் பாடலுக்கு மிகுந்த பக்தியோடு உரை எழுதினார். அவர்கள் மாதாவை இகழ்கிறவர்கள் என்று மேலோட்டமாக எழுதும் என் சபையார் அந்த உரையைப் படித்தால் வெட்கப்படுவார்கள்.

இனிப் பட்டத்துக்கு வருவோம். மேலே நான் குறிப்பிட்ட திரெந்துச் சங்கம், புனிதர்களைப் பற்றித் தீர்மானம் எடுத்த அதே 1563ஆம் ஆண்டில், சில மாதங்களுக்கு முன்னர், ஜூலையில், மறைமாவட்டங்கள்தோறும் குருமடம் அமைத்துக் குருக்களை முறையாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற கட்டளையையும் பிறப்பித்தது. அந்தப் பயிற்சி இன்றுவரை தொடர்கிறது: திருச்சபைச் சட்டத்தின்படி குருமாணவர் ஒருவர் மெய்யியலுக்கு இரண்டு, இறையியலுக்கு நான்கு என்று குறைந்தது ஆறு முழு ஆண்டுகள் படிக்க வேண்டும். கண்டி அம்பிட்டியவில், பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசரின் விருப்பப்படி 1893இல் குருமடம் ஒன்று திறக்கப்பட்டது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சுதேசக் குருக்களை உருவாக்குவதே அதன் நோக்கம். மறுபக்கத்தில், அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் முதலிய சபைகள் ஒன்றுசேர்ந்து 1963இல் பிலிமத்தலாவையில் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில், தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கிறார்கள். அதன் பட்டங்கள், 1827இல் டென்மார்க் அரசரின் பட்டயம் பெற்ற செராம்பூர் கல்லூரியின் மரபோடு இணைந்தவை. இவற்றில் படித்து வெளிவருபவரின் உழைப்பை இழித்துப் பேசுவதற்கு எனக்கு மனம் வராது.

அந்தப் படிப்பு என்ன தரும் என்பதற்கு மேலே சொன்ன வசனங்களையே எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வசனத்தில் மத்தியஸ்தர் என்பதற்குக் கிரேக்கத்தில் ‘மெசித்தேஸ்’ என்ற சொல்லும், முதலாம் வசனத்தில் வேண்டுதல்கள் என்பதற்கு ‘எந்தேயுக்சிஸ்’ என்ற சொல்லின் பன்மையும் இருக்கின்றன; இரண்டும் ஒரே பணி அல்ல. இதை எனக்குச் சொன்னவர் முறையாக இறையியல் கற்ற ஒரு குரு. அவர் சொல்லாவிட்டால் நான் அந்த இரண்டு வசனங்களையும் தொடர்புபடுத்தியே பார்த்திருக்க மாட்டேன். அதைப் பெருமையோடு மாமனாரிடம் கொண்டுபோனேன். அவர் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சிறு சபைகளில் பிரசங்கம் செய்தவர்; கிரேக்கம் ஓரெழுத்தும் அறியாதவர். சற்று யோசித்துவிட்டு, ‘அந்த வேண்டுதலைப் பண்ணச் சொல்வது தீமோத்தேயுவின் சபையில் உயிரோடு இருந்தவர்களுக்குத்தானே?’ என்றார். படிப்பு என்னை ஒரு வாசல் வரைக்கும் கொண்டுபோயிற்று. வாசலில் நின்ற கேள்வி அப்படியே நின்றது. அந்தக் கேள்விக்கு, கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் உயிரோடிருக்கிறார்களா, அவர்கள் நம் சபையின் உறுப்பினரா என்ற நம்பிக்கையால்தான் பதில் சொல்ல முடியும். ‘தேவன் மரித்தோருக்குத் தேவனாயிராமல், ஜீவனுள்ளோருக்குத் தேவனாயிருக்கிறார்’ என்ற வசனத்தை நான் சொன்னேன். அவருக்கும் அது மனப்பாடம். அதிலிருந்து இருவரும் வெவ்வேறு திசையில் நடந்தோம்.

பட்டத்தைக் காட்டி வாயை மூடச் சொல்லும் உரிமை இரு தரப்புக்கும் இல்லை என்பதற்கு அவரவர் வரலாறே சாட்சி. கல்வின் சட்டம் படித்தவர். இறையியலில் பட்டம் பெற்றவர் அல்லர். ஆயினும் சீர்திருத்தச் சபைகளின் இறையியலில் பெரும்பகுதி அவர் எழுத்திலிருந்தே கிளைத்தது. லூத்தர் 1512இல் இறையியல் கலாநிதியானவர். பட்டம் பெறும்போது தாம் எடுத்த சத்தியப்பிரமாணத்தைத் தம் போராட்டத்துக்கு நியாயமாகவும் காட்டினார். ஆனால் 1520இல், திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் குருத்துவத்தில் பங்குள்ளவர் என்று எழுதியவரும் அவரே. அந்த மரபில் வந்த ஒருவர் ‘எங்கள் போதகர் கலாநிதி’ என்று வாதத்தை முடித்துவைப்பது பொருந்துமா? எங்கள் பக்கத்திலும் நிலைமை வேறல்ல. முறையான பள்ளிப்படிப்பே இல்லாத சியென்னாவின் கத்தரீனாவைத் திருச்சபை 1970இல் மறைவல்லுநராக, அதாவது முழுத் திருச்சபைக்கும் ஆசிரியராக, அறிவித்தது. இருபத்து நான்கு வயதில் இறந்த லிசியேயின் தெரேசாளை 1997இல் அறிவித்தது. குருமடத்து வாசற்படியை மிதித்தீரா என்று கேட்ட வாசகர், இவ்விருவருக்கும் அந்தக் கேள்வியை அனுப்பிப் பார்க்கட்டும். பேதுருவையும் யோவானையும் படிப்பறியாதவர்கள் என்று வியந்தவர்கள் யூதரின் ஆலோசனைச் சங்கத்தார். அந்த வியப்பை நாம் அவர்களிடமிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை.

கொழும்பில் வாழும் நாம் இதை மறப்பது இன்னும் வருந்தத்தக்கது. என் வீட்டிலிருந்து கொச்சிக்கடைக்கும் நடந்து போகலாம், 1757இல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்தரின் உல்வெண்டால் தேவாலயத்துக்கும் நடந்து போகலாம். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. 1696இல் அவர்கள் கொழும்பில் ஒரு குருக்கல்லூரியையும் நிறுவி, சுதேசிகளை உபதேசத்துக்குப் பயிற்றினார்கள். அந்தச் சபையின் தமிழ்ப் போதகரான பிலிப்பு தெ மெல்லோவின் புதிய ஏற்பாட்டுத் தமிழாக்கம் 1759இல் இங்கேதான் அச்சாயிற்று. அது உண்மையான கல்வி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே காலத்தில், குருக்கள் துரத்தப்பட்ட பின்னர், 1687இல் யோசவ் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாளின் வேடத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கத்தோலிக்க நம்பிக்கையைக் காத்தவர்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்காத குடும்பத்தலைவர்களும் தாய்மாரும். வாஸ் அடிகள் ஊர்களில் அண்ணாவிமாரையும் மூப்பர்மாரையும் நியமித்தபோது, அவர்களிடம் எதிர்பார்த்தது செபங்களை வழுவின்றிச் சொல்லிக்கொடுக்கும் திறனையும் ஒழுக்கத்தையுமே. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அந்தக் கூட்டத்தில் என் மனைவியும் நின்றார். ‘புனித யோசவ் வாஸே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று எல்லாரும் சொன்ன இடத்தில் அவர் மௌனமாக இருந்தார். நல்ல மனிதர் ஒருவருக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். ஒக்ஸ்பர்க் அறிக்கை அவரிடம் கேட்பதும் அவ்வளவே.

ஆகவே தங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இந்த விவாதத்தை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் கடிதம் எழுதுபவரின் பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’ என்று அச்சிடும்போது, அந்தப் பட்டம் எந்த நிறுவனத்தால், எந்தத் துறையில் வழங்கப்பட்டது என்பதையும் அடைப்புக்குறிக்குள் ஒரு வரியில் வெளியிடுங்கள். அது கிடைக்காவிட்டால் பட்டத்தை நீக்கிவிட்டுக் கடிதத்தை மாத்திரம் வெளியிடுங்கள். இது ஒரு சபையை மனத்தில் வைத்துச் சொல்வதல்ல. ஆறு, ஏழு ஆண்டுகள் இராக்கண்விழித்து ஆய்வு செய்து பட்டம் பெற்றவர்களையும், கட்டணம் செலுத்தித் தபாலில் பெற்றுக்கொண்டு, விழா மேடையில் மேலங்கியோடு படம் எடுத்துக்கொண்டவர்களையும் நான் அறிவேன். இருவருக்கும் ஒரே முன்னொட்டைக் கொடுப்பது முதலாமவருக்குச் செய்யும் அநீதி. கௌரவப் பட்டமாயின் கௌரவப் பட்டம் என்றே சொல்லிவிடலாம், அதில் இழிவு எதுவும் இல்லை. கூடவே, எதிர்த்தரப்பின் போதனையை மேற்கோள் காட்டுகிறவர், அது அவர்களுடைய எந்த ஏட்டில் உள்ளது என்று சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையையும் தாங்கள் விதித்தால், வரும் கடிதங்களில் பாதி தாமாகவே குறைந்துவிடும் என்பது என் கணிப்பு.

கடைசியாக ஒரு திருத்தம். இரண்டாவது வாரம் வெளியான கடிதத்தில், அந்தோனியாருக்கு ஆதரவாக எழுதிய கத்தோலிக்க வாசகர் ஒருவர், ‘நம் அந்தோனியார் படிப்பறிவில்லாத எளிய துறவி, அவருக்கு எந்த இறையியல் பட்டம் இருந்தது?’ என்று கேட்டிருந்தார். இது தவறான தகவல். 1195இல் லிஸ்பனில் பிறந்த அவர், பிரான்சிஸ்கன் சபையில் சேருவதற்கு முன்னரே, அகுஸ்தீன் சபைத் துறவியாகக் கொயிம்பிராவில் வேதநூல்களை ஆழ்ந்து கற்றவர். படிப்பு தம் சகோதரரின் எளிமையைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சிய அசிசியின் பிரான்சிஸ், செப உணர்வை அணைத்துவிடாத வகையில் சகோதரர்களுக்கு இறையியல் கற்பிப்பது தமக்கு விருப்பமே என்று அந்தோனியாருக்குச் சிறு கடிதம் ஒன்று எழுதினார். பொலோஞ்ஞாவில் அவர் கற்பித்தார். பட்டயம் என்று சொன்னால் அந்தக் கடிதம்தான் அவருடைய பட்டயம். பன்னிரண்டாம் பத்திநாதர் 1946இல் அவரை மறைவல்லுநராகவும் அறிவித்தார். அந்த வாசகரின் கருத்தில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. அவர் காட்டிய உதாரணத்தில்தான் இல்லை. மற்றப் பகுதிகளுக்கு இடம் இல்லாவிட்டாலும், இந்தத் திருத்தத்தை மாத்திரமாவது அடுத்த ஞாயிறு இதழில் வெளியிட்டால் நன்றியுடையேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.